மேயர் நாற்காலிக்கு வார்டு வழியாகத்தான் போக முடியும்: நகர அரசியலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

"மேயராக வேண்டும் என்றால் எங்கே ஆரம்பிப்பது?" என்று கல்லூரி முடித்த பிள்ளைகள் இப்போது கேட்கிறார்கள். 2022 மார்ச்சில் சென்னையில் 28 வயது ஆர். பிரியா மேயரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் பெண் அவர். அதே மாதம் கும்பகோணத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த க. சரவணன், புதிதாக உருவான அந்த மாநகராட்சிக்கு முதல் மேயரானார். இதையெல்லாம் பார்த்த பிறகு கேள்வி வருவது நியாயம்தான்.

நான் மேயராக இருந்தவன் இல்லை. ஒரு மாநகராட்சியின் ஓரத்து வார்டில் குடியிருப்போர் நலச்சங்க வேலைகளைப் பல ஆண்டுகள் பார்த்தவன். மூன்று உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்குச்சாவடி முகவராகக் காலை முதல் மாலை வரை உட்கார்ந்தவன். வென்ற கவுன்சிலர்களையும் தோற்றவர்களையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்து, தமிழ்நாட்டு மாநகராட்சிகளுக்குப் பொருந்துகிற மாதிரி எழுதுகிறேன்.

மேயரைத் தேர்ந்தெடுப்பது யார்?

பலருக்கு இதிலேயே குழப்பம். இப்போதுள்ள முறையில் மக்கள் மேயருக்கு நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. வார்டு கவுன்சிலருக்குத்தான் போடுகிறார்கள். வென்ற கவுன்சிலர்கள் கூடி, தங்களில் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதைத்தான் மறைமுகத் தேர்தல் என்கிறோம். ஆகவே கவுன்சிலராக ஜெயிக்காமல் மேயர் பதவிக்கு வழியே இல்லை.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1996-ல் சென்னை மக்கள் நேரடியாக வாக்களித்து மு.க. ஸ்டாலினை மேயராக்கினார்கள். 2001-லும் நேரடித் தேர்தல்தான். 2006-ல் மறைமுக முறை வந்து மா. சுப்பிரமணியன் மேயரானார். 2011-ல் மறுபடி நேரடி முறைக்குப் போனபோது சைதை துரைசாமி வென்றார். பின்னர் 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் மறைமுக முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆட்சி மாறினால் முறையும் மாறக்கூடும். நேரடித் தேர்தல்தான் நல்லது என்பது என் கருத்து. ஊருக்கே பொதுவான பதவிக்கு ஊரே ஓட்டுப் போடட்டும். ஆனால் எந்த முறை வந்தாலும் வார்டு தெரியாதவரால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கீழே சொல்லப் போகிற வேலைகள் வீணாகாது.

ஒரு வார்டைக் கால்களால் தெரிந்துகொள்ளுங்கள்

தேர்தலுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இதைத் தொடங்கிவிட வேண்டும். நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக நடங்கள். மழை பெய்யும்போது ஒரு தடவை, பெய்து முடித்த மறுநாள் ஒரு தடவை, கோடையில் தண்ணீர் லாரி வருகிற நேரத்தில் ஒரு தடவை என்று போய்ப் பாருங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எந்த விளக்கு எரியவில்லை, எந்த முனையில் குப்பை சேர்கிறது, ரேஷன் கடைக்கும் அங்கன்வாடிக்கும் எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். காலை ஆறு மணிக்கு வேலைக்கு வருகிற தூய்மைப் பணியாளர்களிடம் பேசுங்கள். வார்டில் எந்தச் சாக்கடை எங்கே அடைக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு எந்தப் பொறியாளருக்கும் தெரியாது.

அப்புறம், எது யாருடைய வேலை என்று படியுங்கள். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். சென்னையை எடுத்துக்கொண்டால் மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை, உட்புறச் சாலைகள், பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, நகர்ப்புறச் சுகாதார நிலையம் எல்லாம் மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியத்திடம் இருக்கின்றன. பெரிய சாலைகளில் சில நெடுஞ்சாலைத் துறையுடையவை. ஏரியும் ஆறும் நீர்வளத் துறையிடம், மின்கம்பி மின்வாரியத்திடம். பெரிய கட்டடங்களுக்கான திட்ட அனுமதி சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் போகும். ஏழைகளுக்கு அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகள், குடிசை மாற்று வாரியம் என்று நாம் சொல்லிப் பழகிய, 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய துறையைச் சேர்ந்தவை. மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் நிலைமை வேறு. அங்கே குடிநீர் விநியோகமே மாநகராட்சியின் கையில் இருக்கிறது. உங்கள் ஊருக்கு இந்தப் பட்டியலை நீங்களே தயாரித்துக்கொள்ளுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது பட்டுத்தான். எங்கள் தெரு முனையில் ஒரு வடிகால் உடைந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். எட்டு மாதம் ஒரே அலுவலகத்துக்கு மனுக்கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்களே தவிர, ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஓர் உதவிப் பொறியாளர் வரைபடத்தை விரித்துக் காட்டி, "சார், இது எங்க வடிகாலே இல்ல, நெடுஞ்சாலைத் துறையோடது" என்றார். சரியான அலுவலகத்துக்கு மனு போன பிறகு ஆறு வாரத்தில் வேலை முடிந்தது. அந்த எட்டு மாதத்தில் ஒரு பிள்ளை விழுந்து கையை உடைத்துக்கொண்டது. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருப்பதுதான் இந்த வேலையின் பாதி என்று நான் நினைப்பது அதனால்தான்.

காகிதங்களைப் படிக்கப் பழகுங்கள்

மேடைப் பேச்சு பிறகு வரட்டும். மூன்று வகைக் காகிதம் உங்களிடம் முதலில் இருக்க வேண்டும். ஒன்று, மாநகராட்சியின் பட்ஜெட் புத்தகம். சொத்துவரி, தொழில்வரி, காலிமனை வரி, முத்திரைத்தாள் தீர்வையில் வருகிற பங்கு, மாநில நிதி ஆணையப் பரிந்துரைப்படி வருகிற மானியம் என்று பணம் எங்கெங்கே இருந்து வருகிறது, எதில் போகிறது என்று அதில் இருக்கும். சம்பளம், ஓய்வூதியம், கடன் தவணை எல்லாம் போக மீதி எவ்வளவு என்று ஒரு முறை நீங்களே கூட்டிப் பாருங்கள். வாக்குறுதி கொடுக்கும்போது நாக்கு தானாக நிதானப்படும்.

இரண்டாவது, மாமன்றத்தின், அதாவது கவுன்சிலர்கள் கூடுகிற மன்றத்தின், தீர்மானங்கள். உங்கள் வார்டு பற்றி எத்தனை தீர்மானம் போட்டிருக்கிறார்கள், எத்தனை வேலை டெண்டர் வரை போனது என்று பாருங்கள். மூன்றாவது, வேலைகளின் மதிப்பீடு. இது கேட்காமல் கிடைக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். "எங்கள் தெருச் சாலை பற்றிய தகவல்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். தெருவின் பெயர், நிதியாண்டு, மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த தொகை, வேலையின் நீளம், அகலம், தடிமன் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதில் வந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள்.

பகுதி சபைக் கூட்டங்களையும் தவறவிடாதீர்கள். கிராமசபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று வேண்டும் என்று நீண்ட காலம் கேட்ட பிறகு, 2022 நவம்பர் 1 அன்று முதல் முறையாகப் பகுதி சபைகள் கூடின. பல இடங்களில் இன்னும் சரியாக நடப்பதில்லை. நடக்கிற இடத்தில் முதல் வரிசையில் உட்காருங்கள். நடக்காத இடத்தில், ஏன் நடக்கவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். வார்டின் முகங்கள் உங்களுக்குத் தெரிவதும், உங்கள் முகம் வார்டுக்குத் தெரிவதும் அங்கேதான் தொடங்கும்.

கட்சியா, சுயேச்சையா?

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கவுன்சிலராகச் சுயேச்சையாக வெல்ல முடியும். ஒவ்வொரு தேர்தலிலும் சிலர் வெல்கிறார்கள். மேயராவது வேறு கணக்கு. மாமன்றத்தில் பெரும்பான்மை யாரிடம் இருக்கிறதோ அந்தக் கட்சியின் தலைமைதான் மேயர் வேட்பாளரை அறிவிக்கிறது. 2022-ல் 21 மாநகராட்சிகளையும் திமுக கூட்டணி பிடித்தது. 20 இடங்களில் திமுகவினர் மேயரானார்கள், கும்பகோணம் காங்கிரசுக்குப் போனது. இதெல்லாம் கூட்டணிப் பேச்சில் முடிவானவை.

கட்சியில் சேருவதென்றால் கொள்கை ஒத்துப்போகிற கட்சியில் சேருங்கள். ஜெயிக்கிற கட்சி எது என்று பார்த்துச் சேர்ந்தவர்கள், ஐந்து ஆண்டு கழித்துக் காற்று திரும்பும்போது எங்கேயும் ஒட்டாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சேர்ந்த பிறகு பூத் கமிட்டி வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வட்டச் செயலாளர், பகுதிச் செயலாளர், மாவட்டச் செயலாளர் என்று மேலே போகிற அமைப்பில், சீட் யாருக்கு என்ற பேச்சு வரும்போது முதலில் சொல்லப்படும் பெயர் பூத் வேலை பார்த்தவருடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். தேர்தல் நெருங்கும்போது கட்சி விருப்ப மனு வாங்கும். கட்டணம் கட்டி, நேர்காணலுக்குப் போக வேண்டும். அங்கே உங்கள் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு போங்கள். அதில் இருப்பது போல வார்டைப் பற்றிப் பேசக்கூடியவர்கள் வரிசையில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

கட்சியில் இருந்தால் கட்டுப்பாடும் உண்டு. 2022 மார்ச்சில் சில நகராட்சிகளில், கூட்டணிக் கட்சிக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகளில் திமுகவினரே போட்டியிட்டு வென்றபோது, அவர்களைப் பதவி விலகச் சொன்னது கட்சித் தலைமை. தனக்கு மேலே இருப்பவர்கள் எடுக்கிற முடிவோடு வாழ முடியுமா என்று சேர்வதற்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

இடஒதுக்கீடு உங்கள் திட்டத்தை மாற்றலாம்

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடம். இது வார்டுக்கும் உண்டு, மேயர் பதவிக்கும் உண்டு. 2022-ல் 21 மேயர் பதவிகளில் 11 பெண்களுக்கு. அவற்றில் சென்னையும் தாம்பரமும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு. ஆவடி பட்டியல் சாதிப் பொதுப் பிரிவுக்கு. இந்த அறிவிப்பு வந்தது 2022 ஜனவரியில். வாக்குப்பதிவு பிப்ரவரி 19. பல ஆண்டு வேலை பார்த்த ஆண்கள், தங்கள் வார்டு பெண்களுக்கு என்று அறிந்து அந்த இரண்டு மூன்று வாரத்தில் என்ன செய்வது என்று தவித்தார்கள்.

அந்தத் தவிப்பில் பலர் மனைவியையோ அம்மாவையோ நிறுத்தினார்கள். அப்படி வென்ற வார்டுகளில் அலுவலகத்தில் உட்கார்ந்து கையெழுத்துக்கு முன்பே முடிவெடுப்பவர் கணவராக இருப்பது இன்றும் நடக்கிறது. இது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற அநியாயம், அந்த இடத்துக்காகப் போராடியவர்களுக்கும் செய்கிற அநியாயம். நீங்கள் பெண்ணாக இருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், மனுக்களை நீங்களே வாங்குங்கள், பொறியாளரிடம் நீங்களே பேசுங்கள், உங்கள் கைப்பேசியை வேறு யாரும் எடுக்க விடாதீர்கள். நீங்கள் ஆணாக இருந்து வார்டு பெண்களுக்குப் போய்விட்டால், உங்களோடு வேலை பார்த்த பெண்களில் திறமையானவரை முன்னால் நிறுத்தி அவருக்காக ஓட்டுக் கேளுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 2025-ல் செய்த சட்டத் திருத்தப்படி உள்ளாட்சி அமைப்புகளில் அவர்களை நியமன உறுப்பினர்களாக அமர்த்தலாம். தேர்தலில் நிற்கத் தேவையில்லை. வாக்கெடுப்பில் பங்கு கிடையாது. ஆனால் மாமன்றத்தில் பேசலாம்.

வேட்புமனு

21 வயது முடிந்திருக்க வேண்டும். சட்டமன்றத்துக்கு 25 வயது வேண்டும் என்பதால், அரசியலுக்கு வருகிற இளைஞருக்கு முதலில் திறக்கிற வாசல் இதுதான். அந்த மாநகராட்சியின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். உங்களை முன்மொழிகிறவர், நீங்கள் நிற்கிற வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். அரசு ஊழியர் நிற்க முடியாது. மாநகராட்சியோடு ஒப்பந்தம் வைத்திருப்பவரின் மனு தள்ளுபடியாகும். வரி பாக்கி இருந்தால் கட்டி, ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2022-ல் கடைசி இரண்டு நாள் வரி வசூல் மையங்களில் வேட்பாளர்கள் வரிசையில் நின்றார்கள். நீங்கள் ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

அந்தத் தேர்தலில் மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 2,000. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் பணம் திரும்ப வராது. சொத்து, கடன், வழக்கு, படிப்பு பற்றிய உறுதிமொழிப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். ஒன்றும் இல்லை என்றால் "இல்லை" என்று எழுதுங்கள். கட்சி வேட்பாளர் என்றால் சின்னம் ஒதுக்கும் படிவம் உரிய நேரத்துக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்குப் போக வேண்டும். மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். பரிசீலனையில் தள்ளுபடியான மனுக்களில் பெரும்பாலானவை அரைமணி நேரத்தில் சரி செய்திருக்கக்கூடிய பிழையால் போனவை என்பது நான் பார்த்த அனுபவம்.

ஓட்டுக் கேட்பது

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2022-ல் சென்னையில் 200 வார்டுக்கு 61 லட்சம் வாக்காளர்கள். சராசரியாக ஒரு வார்டுக்கு 30,000 பேர். ஓட்டுப் போட்டவர்கள் 43 சதவீதத்துக்குச் சற்று மேல். அதாவது ஒரு வார்டில் ஏறத்தாழ 13,000 ஓட்டு. நான்குமுனைப் போட்டி என்றால் 5,000, 6,000 ஓட்டு வாங்கியவர் வெல்லலாம். ஒரு வீட்டுக்கு மூன்று ஓட்டு என்று வைத்தால் 2,000 வீடு. இரண்டு ஆண்டு வேலை பார்த்தவருக்கு 2,000 வீட்டுப் படியேறுவது பெரிய காரியம் இல்லை. ஓட்டுப் போடாமல் வீட்டில் இருக்கிற அந்த 57 சதவீதத்தில் கொஞ்சம் பேரை வெளியே அழைத்து வந்தாலே முடிவு மாறும்.

செலவுக்கு உச்சவரம்பு உண்டு. 2022-ல் சென்னை வார்டுக்கு 90,000 ரூபாய், மற்ற மாநகராட்சிகளில் 85,000. முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும், தோற்றவர்களும்தான். கொடுக்காதவர்கள் அடுத்த தேர்தலில் நிற்கும் தகுதியை இழக்க நேரிடும். தோற்றவர்களில் பலர் வருத்தத்தில் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஓட்டுக்குப் பணம் பற்றியும் பேசியாக வேண்டும். எங்கள் வார்டில் கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் பார்த்திருக்கிறேன். கொடுத்து ஜெயித்தவர் முதல் நாளில் இருந்தே போட்ட பணத்தை எடுக்கிற அவசரத்தில் இருந்தார். கட்டட அனுமதிக்கு வருகிறவர், குடிநீர் இணைப்புக்கு வருகிறவர் எல்லாருமே அவர் கண்ணுக்கு வசூலாகத் தெரிந்தார்கள். கொடுக்காதீர்கள். தோற்றாலும் பரவாயில்லை, அடுத்த முறை அதே வார்டில் தலை நிமிர்ந்து நடந்து போய் ஓட்டுக் கேட்கலாம்.

கவுன்சிலராக முதல் ஆண்டு

மேயராகிற ஆசை இருப்பவர் மாமன்றத்தைப் பள்ளிக்கூடமாக எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டம் மாதம் ஒரு முறையாவது நடக்கும். பொருள் நிரல் முன்பே கைக்கு வரும். அதைப் படிக்காமல் வந்து, கை தூக்கச் சொன்னால் தூக்கிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. நீங்கள் ஒவ்வொரு பொருளையும் படித்து, உங்கள் வார்டு சம்பந்தப்பட்டதற்கு ஒரு கேள்வியாவது எழுதிக் கொடுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும். எழுதிக் கேட்டது நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். கணக்கு, வரி மற்றும் நிதி, பணிகள், சுகாதாரம், கல்வி, நகரமைப்பு என்று நிலைக்குழுக்கள் இருக்கின்றன. எல்லாரும் பணிகள் குழுவைக் கேட்பார்கள். நீங்கள் கணக்குக் குழுவையோ வரி, நிதிக் குழுவையோ கேளுங்கள். பின்னாளில் மேயரானால் கைகொடுக்கப் போவது அங்கே படித்ததுதான்.

மதிப்பூதியம் 2023 ஜூலை முதல் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, மேயருக்கு 30,000. இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் வேறு ஒரு நேர்மையான வருமானம் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். ஒரு கடை, தொழில், வேலைக்குப் போகிற துணை என்று ஏதாவது இருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து இதைப் பேசி முடித்துவிட்டு வாருங்கள்.

உங்கள் முதல் மாதமே சோதனையாக அமையலாம். 2022 மார்ச்சில் பதவியேற்ற கவுன்சிலர்களுக்கு ஏப்ரல் தொடக்கத்தில் சொத்துவரி உயர்வு வந்து சேர்ந்தது. முடிவு மாநில அரசுடையது. கேள்வி கேட்டு வாசலில் நின்றவர்கள் வார்டு மக்கள். அன்று ஒளிந்துகொள்ளாமல், எவ்வளவு உயர்ந்தது, ஏன், மேல்முறையீட்டுக்கு எங்கே போவது என்று உட்கார்ந்து விளக்கிய கவுன்சிலர்களை மக்கள் இன்னும் மதிக்கிறார்கள்.

மேயரான பிறகு

மேயர் தேர்தலை மாநகராட்சி ஆணையர் நடத்துவார். ஒருவர்தான் மனுப் போட்டால் போட்டியின்றித் தேர்வு; இல்லாவிட்டால் கவுன்சிலர்கள் ரகசியமாக வாக்களிப்பார்கள். அங்கி, சங்கிலி, செங்கோல் எல்லாம் அன்றே வந்துவிடும். சென்னையில் இந்த மரபுக்கு 1688 வரை நீள்கிற வரலாறு உண்டு. இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி அது. முதல் மேயர் நத்தேனியல் ஹிக்கின்சன்.

ஆனால் அதிகாரம் அங்கியில் இல்லை. நிர்வாகம் ஆணையரிடம் இருக்கிறது. அவரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. டெண்டரில் கையெழுத்து, ஊழியர் மீது நடவடிக்கை, அன்றாடச் செலவு எல்லாம் அவர் பக்கம். மேயர் மாமன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார், எந்தப் பொருள் விவாதத்துக்கு வர வேண்டும் என்பதில் அவருக்குச் செல்வாக்கு இருக்கிறது, கோப்பையும் விளக்கத்தையும் கேட்டு வாங்கலாம். இந்த மூன்றையும் சரியாகப் பயன்படுத்தினால் நிறைய செய்யலாம். ஆணையரோடு வாரம் ஒரு நாள் நேரம் குறித்து உட்காருங்கள். போன வாரம் ஒப்புக்கொண்டது என்ன, இந்த வாரம் எதுவரை வந்திருக்கிறது என்று பட்டியல் போட்டுக் கேளுங்கள். ஆணையரோடு பத்திரிகை வழியாகச் சண்டை போட்ட மேயர்கள் யாருக்கும் ஊரில் ஒரு வேலையும் நகரவில்லை.

குடிநீர் வாரியம், நெடுஞ்சாலை, மின்வாரியம், காவல் என்று உங்களுக்குக் கீழே வராத துறைகளை ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் மேயரின் உண்மையான வேலை என்று நினைக்கிறேன். மாநகராட்சி போட்ட சாலையை ஒரு மாதத்தில் இன்னொரு துறை தோண்டுகிறது என்று மக்கள் சலித்துக்கொள்கிறார்கள். அதை நிறுத்த வழி, சாலை டெண்டருக்கு முன்பே அந்தத் துறைகளிடம் "அடுத்த இரண்டு ஆண்டில் இங்கே தோண்டுவீர்களா?" என்று எழுதிக் கேட்டுப் பதிலை வாங்கி வைப்பது.

எல்லா வார்டுக்கும் நீங்கள் மேயர். எதிர்க்கட்சி கவுன்சிலரின் வார்டில் மழைநீர் தேங்கினால் முதலில் அங்கே போங்கள். உங்கள் கட்சி கவுன்சிலர்கள் முறைத்துக்கொள்வார்கள், போகட்டும். ஆனால் அவர்களை ஒதுக்கியும் விடாதீர்கள். மறைமுகத் தேர்தலில் வந்த மேயரை வீழ்த்துவது பெரும்பாலும் சொந்தக் கட்சி கவுன்சிலர்களின் அதிருப்திதான். 2024 ஜூலையில் கோவை, நெல்லை மேயர்கள் இருவரும் பதவி விலகினார்கள். அதே மாதம் காஞ்சிபுரத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. வாக்கெடுப்புக்கு உறுப்பினர்கள் வராததால் தோற்றது.

உங்கள் காலத்தில் முடியாத வேலையையும் தொடங்கிவையுங்கள். 1939-ல் சென்னை மேயரான சத்தியமூர்த்திக்குக் கிடைத்தது ஓராண்டுப் பதவி. ஊரின் தண்ணீர்ப் பஞ்சத்துக்குக் கொசஸ்தலையாற்றில் பூண்டியில் ஒரு நீர்த்தேக்கம் வேண்டும் என்று விடாமல் பின்தொடர்ந்தார். 1940-ல் அடிக்கல் நாட்டினார்கள். வேலை முடிந்தது 1944-ல். அவர் 1943-லேயே காலமாகிவிட்டார். இன்றும் சென்னைக்குத் தண்ணீர் தருகிற அந்த நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர்தான்.

பதவிக்காலம் முடியும்போது

அரசியலமைப்பின் 74-வது திருத்தப்படி மாமன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு. அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடக்க வேண்டும். நடைமுறை அப்படி இருந்ததில்லை. சென்னையில் 1973-ல் மாமன்றம் கலைக்கப்பட்ட பிறகு 1996 வரை தேர்தலே இல்லை. 2016 அக்டோபரில் முடிந்த மாமன்றங்களுக்கு 2022 வரை அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் பொறுப்பு பார்த்தார்கள். அந்த ஐந்து ஆண்டில் மனுவோடு யாரிடம் போவது என்று தெரியாமல் எங்கள் தெரு மக்கள் அலைந்ததை மறக்க முடியாது. அப்போது பழைய கவுன்சிலர் ஒருவர் பதவி இல்லாமலேயே தினமும் காலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தார். 2022-ல் அவர் மறுபடி நின்றபோது வீடு வீடாகப் போக வேண்டிய தேவைகூட அவருக்கு இருக்கவில்லை.

அடுத்த முறை உங்கள் ஊர் மேயர் பதவி வேறு பிரிவுக்குப் போகலாம், உங்கள் வார்டின் எல்லையே மாறலாம். மேயராக இருந்தவர் மறுபடி கவுன்சிலராக நிற்பதில் எந்தக் குறைவும் இல்லை. சட்டமன்றத்துக்குப் போகவும் வழி உண்டு: மா. சுப்பிரமணியன் 2016-ல் சைதாப்பேட்டையில் வென்று 2021-ல் சுகாதார அமைச்சரானார். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள மட்டும் முடியாது. 2002-ல் அதற்கான சட்டத் திருத்தம் வந்த பிறகு ஸ்டாலின் மேயர் பதவியை இழந்து, சட்டமன்ற உறுப்பினராகத் தொடர்ந்தார்.

விடைபெறுவதற்கு முன், முடியாத வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள்: எந்தத் தெரு, எந்தத் தீர்மான எண், கோப்பு யாரிடம் நிற்கிறது என்று. ஒரு பிரதி ஆணையரிடம், ஒரு பிரதி உங்களுக்குப் பின் வருகிறவரிடம், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும். கைப்பேசி எண்ணை மாற்றாதீர்கள். பதவி போன பிறகும் பல மாதம் "தண்ணி வரலீங்க" என்று அதே எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள்.